கடைவீதிச் சங்கத்தை உயிரோடு வைத்திருப்பது எப்படி? செய்தி, சந்திப்பு, கோரிக்கை: ஒரு முழுமையான வழிகாட்டி

புரட்டாசி பாதியில் ஒருநாள் காலை கடை திறக்கப் போனால் வாசலில் நாலடிப் பள்ளம். மழைநீர் வடிகால் வேலை. தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. எங்கள் கடைவீதியில் பல கடைகளுக்கு அந்த ஐந்து வாரம்தான் வருஷத்தைத் தூக்கி நிறுத்தும். மதியத்துக்குள் முப்பது பேர் சேர்ந்து நகராட்சிக்குப் போனோம். ஆளுக்கொரு பக்கம் பேசினோம். கடைசியில் அங்கிருந்த அதிகாரி அமைதியாகக் கேட்டார்: "சங்கம் இருக்கிறது என்கிறீர்கள். இப்போது தலைவர் யார், செயலாளர் யார்? பதிவாளரிடம் கொடுத்த பட்டியல் இருக்கிறதா?"

எங்களிடம் இருந்த பட்டியலில் உள்ள தலைவர் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பொருளாளர் கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போயிருந்தார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பள்ளம் தீபாவளி முடிந்தும் மூடப்படவில்லை.

நான் பெயிண்ட், ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். அந்தத் தீபாவளிக்குப் பிறகு செயலாளர் பொறுப்பை ஏற்றேன். அப்போதிலிருந்து கற்றுக்கொண்டதை, தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஊரில் சங்கம் தொடங்க நினைப்பவருக்கும், தூங்கிக் கிடக்கும் சங்கத்தை எழுப்ப நினைப்பவருக்கும் பயன்படும்படி எழுதுகிறேன். நான் கண்ட அளவில், பிரச்சினை வந்த பிறகு கூடும் கூட்டம் சங்கம் ஆகாது. பிரச்சினை இல்லாத மாதங்களில் என்ன செய்தோம் என்பதுதான் சங்கம். மாதாமாதம் செய்தி போனால் ஆட்கள் சந்திப்புக்கு வருவார்கள். சந்திப்பில் விவரம் சேரும். விவரம் கையில் இருந்தால்தான் அதிகாரி முன்னால் கோரிக்கை நிற்கும். மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரி.

படி 1: முதலில் வீதியை நடந்து எண்ணுங்கள்

பெயர், லெட்டர்பேடு, பேனர் எல்லாம் அப்புறம். ஒரு நீள நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வீதியின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை கடை கடையாகப் போங்கள். கூட இன்னொருவர் வேண்டும், முடிந்தால் வேறு வியாபாரம் செய்பவர். ஒவ்வொரு கடையிலும் ஐந்து விஷயம்: என்ன வியாபாரம், சொந்தக் கட்டடமா வாடகையா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தொலைபேசி எண், இந்த வீதியில் அவரை அதிகம் தொந்தரவு செய்வது எது.

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நாங்கள் போனபோது பார்க்கிங், குப்பை என்றுதான் வரும் என்று நினைத்தோம். அதுவும் வந்தது. ஆனால் வளையல் கடை அக்கா சொன்னது வேறு: "கடைக்கு வர்ற பொம்பளைங்களுக்கு இந்த வீதி முழுக்க ஒரு கழிப்பறை கிடையாது தம்பி. அதனாலேயே பாதிப் பேர் அவசரமாத் திரும்பிப் போயிடுறாங்க." இருபத்தைந்து வருஷம் அந்த வீதியில் இருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் சங்கம் எடுத்த முதல் பெரிய கோரிக்கை அதுதான்.

தள்ளுவண்டி, தரைக்கடைக்காரர்களையும் விடாதீர்கள். அவர்களை எதிரியாக வைத்து நடக்கும் சங்கங்கள் எனக்குத் தெரியும், அதில் யாருக்கும் நன்மை வந்து நான் பார்த்ததில்லை. சட்டப்படியும் இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டியவர்கள்தான். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருப்பார்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வணிகர் சங்கங்களுக்கும் அந்தக் குழுவில் இடமுண்டு. உங்கள் ஊர்க் குழுவில் அந்த இடம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

படி 2: பதிவு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975தான் பெரும்பாலான வணிகர் சங்கங்களுக்குப் பொருந்தும். குறைந்தது 7 பேர் சேர்ந்து, சங்கத்தின் நோக்கம் சொல்லும் அமைப்புக் குறிப்பையும் துணைவிதிகளையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளம் வழியாகவே தொடங்கலாம். அலுவலக முகவரிக்கு யாராவது ஒரு கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

துணைவிதியை வேறு ஊர்ச் சங்கத்திலிருந்து அப்படியே நகலெடுக்கும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். முக்கியமாக நான்கு இடம்: யார் உறுப்பினர் ஆகலாம் (வாடகைக் கடைக்காரர் உண்டா, கட்டட உரிமையாளர் மட்டுமா), கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வேண்டும், வங்கிக் கணக்கில் எத்தனை கையெழுத்து, ஒருவர் ஒரே பதவியில் எத்தனை முறை தொடரலாம். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதோடு, எத்தனை முறை தொடரலாம் என்று உங்கள் விதியிலும் ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் சங்கம் ஒரே குடும்பத்தின் கைக்குப் போகாது.

பதிவு முடிந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில் சிக்கல் ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த வரவு செலவு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. இந்த ஒரு படிவம் போகாததால்தான் அன்றைக்கு நாங்கள் நகராட்சியில் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். வங்கியும் கையெழுத்து மாற்ற அதைத்தான் கேட்டது. விட்டுப்போன ஆண்டுகளின் கணக்கைத் தேடி எடுத்து, தணிக்கை செய்து, தாமதக் கட்டணம் கட்டிச் சரிசெய்ய எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. வருஷா வருஷம் போயிருந்தால் ஒரு மத்தியான வேலை.

கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பக்க எண் போட்ட கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதி, வாசித்துக் காட்டி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய் நினைவில் எழுதினால் அடுத்த கூட்டத்தில் அதற்கே ஒரு சண்டை வரும்.

படி 3: பணம்

திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சுமத்ராத் தீவில், பாரூஸ் ஊர்ப்பக்கம் லோபு துவா என்ற இடத்தில் கிடைத்தது. ஆண்டு கி.பி. 1088. அங்கே வந்து இறங்கும் மரக்கலத்துக்காரர்கள் கஸ்தூரி விலையை அளவாக வைத்துப் பொன் செலுத்த வேண்டும் என்கிறது அது. கடல் தாண்டிப் போன இடத்திலும் சந்தா விகிதத்தைக் கல்லில் வெட்டி எல்லாரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அதே முறைக்கு மகமை என்று பெயர். விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் விற்கும் சரக்கில் ஒரு சிறு பங்கை உறவின்முறை என்ற சமூக அமைப்பின் பொதுநிதிக்கு எடுத்து வைத்து, அதிலிருந்து பள்ளிக்கூடங்களே நடத்தினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு சேர்த்த பிடி அரிசியும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாங்கியது.

அந்த மகமை பெரும்பாலும் ஒரு சமூகத்துக்குள் சேர்ந்த பணம். இன்றைய கடைவீதியில் எல்லாச் சமூகத்தாரும் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள், சங்கமும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் முறையை எடுத்துக்கொள்ளலாம்: சிறு தொகை, தவறாமல், எதற்குப் போனது என்று எல்லாருக்கும் தெரியும்படி. நாங்கள் வருஷச் சந்தாவை மாதச் சந்தாவாக மாற்றினோம். சின்னக் கடைக்கும் பெரிய கடைக்கும் ஒரே தொகை, அதனால் ஓட்டும் ஒன்று. வசூலுக்குப் போகும் பையனிடம் சங்கம் அச்சிடும் அந்த மாதச் செய்தித்தாளைக் கொடுத்தனுப்புகிறோம். கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கேட்கும்போது கல்லாவில் இருப்பவர் முகம் சுளிப்பதில்லை. ரசீது கட்டாயம். மாதக் கணக்கு அந்தச் செய்தித்தாளிலேயே கடைசிப் பத்தியாக வந்துவிடும்.

நன்கொடை பெரிதாகக் கொடுப்பவர் வந்தால் பணிவாக வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பிட்ட ஒரு வேலைக்கு என்று எழுதி வாங்குங்கள். அன்றாடச் செலவு சந்தாவில்தான் ஓட வேண்டும்.

படி 4: செய்தி

வாட்ஸ்அப் குழு இருந்தால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் குழுவில் காலை வணக்கமும் கோயில் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் போய்க்கொண்டிருந்த ஒரு நாளில்தான், மின்தடை அறிவிப்பு அவற்றுக்கு நடுவே புதைந்து, ஐஸ்கிரீம் கடைக்காரர் சரக்கு உருகி நஷ்டப்பட்டார். அதன்பிறகு இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒன்றில் யார் வேண்டுமானாலும் பேசலாம். இன்னொன்றில் செயலாளரும் துணைச் செயலாளரும் மட்டும் பதிவிடுவார்கள், ஒரு நாளைக்கு இரண்டு பதிவுக்கு மேல் கிடையாது. அதில் சத்தம் வந்தால் எல்லாரும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அதோடு மாதம் ஒரு தாள், ஏ4 அளவு, இரண்டு பக்கம். தாள் ஏன் என்றால், எங்கள் கடைவீதியில் முடிவெடுக்கும் அண்ணாச்சிகள் பலருக்குக் கைப்பேசியில் நீளமாகப் படிக்கும் பழக்கமில்லை. தாள் கல்லாப்பெட்டி மேல் மாதம் முழுக்கக் கிடக்கும்.

தாளின் முதல் பக்க மேல்பாதி எப்போதும் தேதிகள்தான். மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும். தொகுப்பு வரி முறையில் (சிறு கடைகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18. சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை முத்திரை போட்டாக வேண்டும். தொழில் வரி, தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பிக்கும் நாட்கள். இதில் ஒரு தேதி ஒருவருக்கு ஒரு அபராதத்தை மிச்சப்படுத்தினால் அவர் ஆயுளுக்கும் சந்தா தருவார்.

அடுத்தது அரசாணைகளும் விதிகளும், கடைக்காரர் பாஷையில். உதாரணத்துக்கு, 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற அரசாணை 2019 மே மாதம் மூன்று ஆண்டுக்கு வந்தது, 2022இலும் 2025இலும் நீட்டிக்கப்பட்டது. அதோடு நிபந்தனைகளும் உண்டு. அதை நாங்கள் நகலெடுத்துக் கொடுத்த பிறகு, இரவு ரோந்துக்கு வருபவரிடம் வாய்ச்சண்டை போடாமல் தாளைக் காட்டிப் பேச முடிகிறது. அதேபோல, கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் வந்தபோது அதையும் போட்டோம். நமக்குச் சாதகமானதை மட்டும் போட்டால் அது நம்பத்தக்க செய்தித்தாள் ஆகாது.

பின்பக்கத்தில் வீதிச் செய்தி: புதிதாகத் திறந்த கடை, கைமாறிய கடை, யார் வீட்டில் கல்யாணம், யார் தவறிப்போனார்கள். மக்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது இதைத்தான், அதனாலேயே முன்பக்கமும் படிக்கப்படுகிறது. ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கடன் பாக்கி, யார் மேல் புகார் என்பது ஒருநாளும் தாளில் வரக் கூடாது.

படி 5: சந்திப்பு

எங்கள் மாதக் கூட்டம் முன்பெல்லாம் இரவு ஒன்பதரைக்கு, கடை அடைத்த பிறகு. வருவது பன்னிரண்டு பேர், எல்லாரும் ஆண்கள், எல்லாரும் களைத்துப்போய். பெண்கள் நடத்தும் கடைகள் வீதியில் பதினெட்டு இருந்தும் ஒருவர்கூட வந்ததில்லை. "வரமாட்டேங்கிறாங்க" என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். நேரத்தை மத்தியானம் இரண்டரைக்கு மாற்றினோம். சாப்பாட்டுக்கும் சாயங்கால வியாபாரத்துக்கும் நடுவே கடைவீதி ஓய்ந்திருக்கும் நேரம். சரியாக நான்கு மணிக்கு முடித்துவிடுவோம். முதல் மாதமே ஏழு பெண்கள் வந்தார்கள்.

கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் அரை மணி சங்க வேலை. மிச்ச நேரம் வியாபாரம். இந்த இரண்டாவது பாதிதான் ஆட்களைத் திரும்ப வரவைக்கிறது. பெரிய நகரங்களில் வாராவாரம் காலைச் சிற்றுண்டியோடு கூடி, ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று வைத்து, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அங்கே கட்டணமும் அதிகம், ஒரே தொழிலில் இருவருக்கு இடமில்லை. கடைவீதியில் நான்கு ஜவுளிக்கடை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதனால் நாங்கள் செய்வது எளிமையானது. மாதம் ஐந்து கடைக்காரர்கள், ஆளுக்கு மூன்று நிமிடம், மூன்று விஷயம் மட்டும்: நான் என்ன விற்கிறேன், வெளியூரிலிருந்து என்ன வாங்குகிறேன், எனக்கு இப்போது என்ன தேவை.

நடுவில் இருக்கும் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இனிப்புக் கடைக்காரர் ஒருவர் அட்டைப்பெட்டி மதுரையிலிருந்து வருகிறது, பண்டிகை நேரத்தில் தாமதமாகிறது என்றார். மூன்றாவது வரிசையில் இருந்தவர் எழுந்து, "அண்ணாச்சி, பெட்டி நான் போடுறேனே, பழைய தபாலாபீஸ் தெருவுல" என்றார். இரண்டு பேரும் ஒரே ஊரில் பதினோரு வருஷமாகத் தொழில் செய்கிறார்கள். பெட்டிக்காரருக்கு முன்புறக் கடை இல்லை, வீட்டுக்குப் பின்னால் ஷெட். அன்று ஆரம்பித்த கணக்கு இன்றும் ஓடுகிறது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஊருக்குள்ளேயே கிடைக்கும் சரக்கு, வேலை எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம்.

நாற்காலியை வட்டமாகப் போடுங்கள். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். சிறப்பு விருந்தினர் வருஷத்துக்கு இரண்டு முறை போதும்.

முகாம்களுக்கு மட்டும் நன்றாகச் செலவழியுங்கள். தொழிலாளர் துறையிடம் எழுதிக் கேட்டு எடை முத்திரை முகாமைக் கடைவீதி மண்டபத்திலேயே நடத்தலாம். தராசைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு முகாமும் அப்படியே. வணிகர் நல வாரியத்தில் உறுப்பினர் சேர்க்கைக்கு ஒருநாள் ஒதுக்குங்கள். 1989இல் தொடங்கிய வாரியம் அது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு நிதியுதவி உட்படப் பல உதவிகள் அதில் இருக்கின்றன. உறுப்பினர் ஆகாமலே போன ஒரு டீக்கடைக்காரரின் மனைவிக்கு, அப்படி ஒன்று இருக்கிறது என்று அவர் இறந்த பிறகு போய்ச் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வந்தது. அந்த வீட்டு வாசலில் நின்றது மறக்காது. அதிலிருந்து புதுக் கடை திறந்தால் முதல் வாரத்திலேயே அந்த விண்ணப்பத்தோடு போகிறோம்.

படி 6: கோரிக்கை

இந்த வேலையில் மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். எந்த அலுவலகத்துக்கு இதைச் செய்ய அதிகாரம் இருக்கிறது? எந்த விதியின்கீழ்? நாம் கேட்பது எண்ணிச் சொல்லக்கூடியதா?

முதல் கேள்வியிலேயே பாதி மனுக்கள் தவறிப்போகின்றன. எங்கள் வீதியின் முன்பாதி நெடுஞ்சாலைத் துறையுடையது, பின்பாதி நகராட்சியுடையது. இது தெரியாமல் மூன்று வருஷம் தவறான அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். குடிநீர்க் குழாய், மின்கம்பம், போக்குவரத்துப் போலீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. ஊர் வரைபடத்தில் எது யாருடையது என்று வண்ணம் தீட்டிச் சங்க அறையில் மாட்டிவையுங்கள்.

விவரம் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. இந்தச் சட்டம் குடிமக்களுக்கானது, அதனால் சங்கத்தின் பெயரில் போடாமல் உங்கள் சொந்தப் பெயரில் விண்ணப்பியுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். ஆவணம் கேளுங்கள்: வேலை உத்தரவின் நகல், முடிக்க வேண்டிய தேதி, மதிப்பீட்டின் நகல்.

இனி எண்ணிக்கை. இரண்டு வருஷம் கழித்து, பாதாளச் சாக்கடைக்காக அடுத்த தெருவில் பள்ளம் வந்தது. இந்த முறை அடுத்து எங்கள் வீதி என்று முன்கூட்டியே தெரிந்தது, ஏனென்றால் வேலை உத்தரவின் நகல் கையில் இருந்தது. அடுத்த தெருக் கடைகளுக்குப் போய் வியாபாரம் எவ்வளவு குறைந்தது என்று கேட்டோம். ஒருவரும் சொல்லவில்லை. வியாபாரத் தொகையை எந்தக் கடைக்காரரும் வெளியில் சொல்ல மாட்டார், அது நியாயமும்கூட. அப்போது மருந்துக்கடைத் தம்பி ஒரு யோசனை சொன்னான்: "தொகையைக் கேட்காதீங்க அண்ணே. பில் எண்ணிக்கையைக் கேளுங்க." போன மாதம் இதே வாரம் எத்தனை பில், இந்த வாரம் எத்தனை பில். ஒன்பது கடைகள் தயங்காமல் எழுதிக் கொடுத்தன. அதில் ஆறில் பில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

அந்தத் தாளை வைத்து ஒரே பக்கத்தில் மனு எழுதினோம். வேலையை நிறுத்துங்கள் என்று ஒரு வரிகூட இல்லை. சாக்கடை எங்களுக்கும் வேண்டியதுதான். கேட்டது நான்கு: வீதியின் ஒரு பக்கம் முடிந்த பிறகு மறுபக்கம் தொடங்குவது, ஒவ்வொரு கடை வாசலுக்கும் இரும்புத் தகடு, தோண்டும் வேலை இரவு ஒன்பதுக்கு மேல், தீபாவளிக்கு முந்தைய 20 நாள் புதுப் பள்ளம் வேண்டாம். எங்கள் பங்குக்கு நாங்கள் செய்வதாகச் சொன்னது இரண்டு: வேலை நடக்கும் நாட்களில் சரக்கு வண்டிகளைக் காலை ஏழு மணிக்குள் இறக்கிவிடுவோம், வெளியே நீட்டியிருக்கும் படிகளையும் தட்டிகளையும் நாங்களே எடுத்துவிடுவோம்.

இரண்டாவது வாக்குறுதிதான் எங்கள் உறுப்பினர்களிடம் அதிகம் வாதம் கிளப்பியது. சிலர் கோபித்துக்கொண்டு அந்த மாதச் சந்தாவே தரவில்லை. ஆனாலும் தலைவர் தன் கடைப் படியை முதலில் இடித்தார். நான்கில் மூன்று கிடைத்தது. இரவு வேலை மட்டும் ஒப்பந்தக்காரருக்கு முடியவில்லை. அந்தத் தீபாவளிக்கு வீதியில் பள்ளம் இல்லை.

மனு கொடுக்கும் முறை: இரண்டு பிரதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணை மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். நான்கு அல்லது ஐந்து பேர் மட்டும் போங்கள், அவர்களில் ஒருவர் மட்டும் பேசட்டும். அதிகாரி சொன்னதை அன்று மாலையே, "இன்று சந்தித்தபோது தாங்கள் கூறியவை" என்று கடிதமாக எழுதி அனுப்பிவிடுங்கள். அதற்கு மறுப்பு வராவிட்டால், அடுத்த சந்திப்பில் பேச்சு அந்த இடத்திலிருந்து தொடங்கும். வேலை நடந்து முடிந்தால் நன்றிக் கடிதம் கண்டிப்பாக அனுப்புங்கள். வேலை செய்த பொறியாளரின் கோப்பில் அப்படி ஒரு கடிதம் இருப்பது அரிது, அவர் நினைவில் வைத்துக்கொள்வார்.

ஊர் அளவில் தீராத விஷயங்களும் உண்டு. ஜிஎஸ்டி மன்றத்தின் 54ஆவது கூட்டத்துக்குப் பிறகு, 2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்யாத கட்டட உரிமையாளருக்குக் கொடுக்கும் கடை வாடகைக்கு 18 சதவீத வரியைப் பதிவு பெற்ற வாடகைதாரரே கட்ட வேண்டும் என்று வந்தது. தொகுப்பு வரியில் இருக்கும் சின்னக் கடைக்காரர் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து, கழிக்க முடியாது, அப்படியே கைநஷ்டம். வணிகர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த டிசம்பரில் ஜெய்சல்மரில் நடந்த 55ஆவது கூட்டம் தொகுப்பு வரிக்காரர்களை விலக்கப் பரிந்துரைத்தது, 2025 ஜனவரி 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து அதற்குப் போனது ஒரு சின்னத் தாள்தான்: தொகுப்பு வரிக் கடைகள் எத்தனை, அவற்றில் வாடகையில் இருப்பவை எத்தனை என்ற கணக்கு. படி 1இல் எடுத்த நோட்டு அப்போது உதவியது. இதற்காகவாவது மாநில அளவிலான பேரமைப்பு ஒன்றில் இணைந்திருங்கள். மே 5 வணிகர் தின மாநாட்டுக்குப் போய்வருவதோடு நின்றுவிடாமல், வருஷத்தில் இரண்டு முறையாவது ஊர் விவரத்தை எழுத்தில் அனுப்புங்கள்.

படி 7: கூட்டத்தில் நுழையக் கூடாதவை

விலை. "இனிமேல் எல்லாரும் இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது" என்று சங்கத்தில் முடிவெடுப்பது போட்டிச் சட்டம், 2002இன்படி சட்டமீறல். மருந்து வணிகர் சங்கங்கள் சிலவற்றின் மேல் இந்தியப் போட்டி ஆணையம் அபராதமே விதித்திருக்கிறது. நல்லெண்ணத்தில் யாராவது விலைப் பேச்சை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள், நிறுத்தியதையும் மினிட்டில் எழுதுங்கள்.

கட்சி. நிர்வாகி எந்தக் கட்சியிலும் இருக்கலாம், சங்க அறையில் கொடி கூடாது. தேர்தல் நேரத்தில் எல்லா வேட்பாளருக்கும் ஒரே கோரிக்கைத் தாளைக் கொடுத்து, அவர்கள் சொல்லும் பதிலைச் செய்தித்தாளில் அப்படியே போடுங்கள்.

கடையடைப்பு. இதை நான் கடைசி ஆயுதம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அதற்கும் அப்பால் வைக்க வேண்டியது. ஒருநாள் அடைத்தால் நமக்கு ஒருநாள் வியாபாரம் போகும். மூட்டை தூக்குபவருக்கு அன்றைய அடுப்பு எரியாது. நாங்கள் ஆறு வருஷத்தில் ஒருமுறை, அரைநாள் மட்டும் அடைத்தோம். அன்று சுமைதூக்கும் தொழிலாளர்களுக்குச் சங்க நிதியிலிருந்து அரைநாள் கூலி கொடுத்தோம். திறந்து வைத்திருந்த இரண்டு கடைகளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

படி 8: அடுத்தவரிடம் ஒப்படைப்பது

என் காலம் இந்தப் பங்குனியோடு முடிகிறது. அடுத்த செயலாளர் மருந்துக்கடைத் தம்பியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய நிர்வாகத்திடமிருந்து எனக்கு வந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் பாதி எழுதிய ரசீதுப் புத்தகமும். நான் கொடுக்கப் போவதை ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பட்டியல் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்: பதிவுச் சான்றிதழ், துணைவிதி, ஆறு ஆண்டுத் தாக்கல்களின் நகல், கடைசிப் படிவம் 7, இரண்டு மினிட் புத்தகம், முத்திரை வாங்கிய மனுக்கள் தேதிவாரியாக, வண்ணம் தீட்டிய வரைபடம், கடைக் கணக்கெடுப்பு நோட்டு. எந்தெந்த அலுவலகத்தில் எந்த மேசையில் எந்த வேலை நடக்கும் என்று தனியாக நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கழிப்பறைக் கோப்பு மேலாக இருக்கிறது. இடம் ஒதுக்கியாகிவிட்டது, மதிப்பீடும் வந்துவிட்டது, தண்ணீர் இணைப்புக்கான கடிதத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. அடுத்த திங்கள்கிழமை தம்பியையும் வளையல் கடை அக்காவையும் கூட்டிக்கொண்டு அதற்காகப் போகிறேன். இந்த முறை தம்பியைத்தான் பேசச் சொல்லியிருக்கிறேன்.